பத்து நாள் வாய் திறக்காமல்: விபாசனா முகாமுக்குப் போய் வந்த கதை

எனக்குத் தூக்கம் கெட்டு ஏழு வருடம் இருக்கும். ரங்கூனில் பயின்னவுங் மொத்தச் சந்தையில், உளுந்தும் துவரையும் வாங்கி அனுப்பும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இங்கே விளைகிற உளுந்தில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் போகிறது. சென்னையில் விலை அசைந்தால் அடுத்த நிமிடம் என் போன் அடிக்கும். டாலருக்கு எத்தனை சாட் (பர்மியப் பணம்) என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் எண்கள் ஓடும். ஒன்றரை மணிக்கு விழிப்பு வரும், அப்புறம் விடியும் வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கரண்ட் போய்விட்டால் அதுவும் இல்லை, பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் சத்தம்தான். "கடையைத் தலையில தூக்கிக்கிட்டே படுக்குறீங்க, எப்படித் தூக்கம் வரும்?" என்பாள் மனைவி.

முதலில் ஒரு ஓட்டலில் நடந்த மன அமைதி வகுப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு நாள், பணம் முன்னாலேயே கட்ட வேண்டும். மெத்தை, வாசனைத் திரி, புல்லாங்குழல். ஒரு அம்மா மெதுவான குரலில் கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொல்வார். அங்கே இருக்கிற ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் படி இறங்கிப் போனை எடுத்ததும் பழைய படபடப்பு அப்படியே நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாம் வாரத்தில் வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். மீதிப் பணம் கேட்டேன், வரவில்லை.

சந்தையில் மூட்டை எடை போடுகிற ஒரு பர்மியப் பெரியவர்தான், "தயா டைங்கிட்டு வாங்க, சயா" என்றார். சயா என்றால் ஐயா. தயா டைங் என்றால் தர்மத்தில் உட்காருவது, அதாவது தியானம். பர்மியர்களுக்கு இது வெகு சாதாரணம். நம் ஆட்கள் காப்புக் கட்டி விரதம் இருந்து தீமிதிக்குப் போவதுபோல, அவர்கள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பத்து நாள் உட்காரப் போவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து அறுபது வயதாகியும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. போன நவம்பரில் போனேன். வயலில் உளுந்து விதைக்கிற காலம் அது, சந்தையில் வேலை குறைவு.

நான் போனது கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய முறையில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாம். இந்த முறையில் எந்த நாட்டு மையத்துக்குப் போனாலும் விதிகளும் நேர அட்டவணையும் ஒன்றுதான். ஆகவே இங்கே நான் எழுதுவது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது.

கட்டணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கட்டணம் கிடையாது. தங்குவதற்கும் இல்லை, சாப்பாட்டுக்கும் இல்லை, கற்றுக்கொடுப்பதற்கும் இல்லை. முழு முகாமையும் முடித்தவர்கள் மனமிருந்தால் கடைசியில் தானம் கொடுக்கலாம். முடிக்காதவரிடம் வாங்குவதே இல்லை. எனக்குச் சோறு போட்டது முன்னால் உட்கார்ந்து எழுந்த யாரோ ஒருவர் கொடுத்த பணம். சமைப்பவர்களும் மணி அடிப்பவர்களும்கூடச் சம்பளம் வாங்காமல் சேவை செய்ய வந்த பழைய மாணவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வரவு செலவு எழுதிய எனக்கு இந்தக் கணக்கு முதலில் பிடிபடவே இல்லை. ஆறாம் நாள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, இதைக் கொடுத்தவர் யார் என்றே தெரியாதே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் எனக்குச் சொந்தம்போல இருந்தது. கோயங்காவுக்குக் கற்றுக்கொடுத்த சயாஜி ஊ பா கின் ஒரு கணக்காளர். 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் அவர்தான். 1937இல் தியானம் பழக ஆரம்பித்தவர். அவருக்கு ஆசிரியர் சயா தெட்ஜி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தலா பகுதியில் வாழ்ந்த ஒரு விவசாயி. ஊ பா கின் தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார், 1952இல் இதே ஊரில் ஒரு தியான மையத்தையும் தொடங்கினார். கோப்புகளுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர் இதைச் செய்திருக்கிறார் என்றால், பேரேட்டுக்கு நடுவில் இருக்கிற நானும் செய்யலாம் என்று ஒரு தைரியம் வந்தது.

கோயங்கா 1924இல் மாண்டலேயில் ஒரு மார்வாடி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். கடுமையான ஒற்றைத் தலைவலி, மார்ஃபின் ஊசி போடுகிற அளவுக்கு. வெளிநாட்டு வைத்தியமும் பலிக்காமல் ஊ பா கின்னிடம் போனார். தலைவலி போவதற்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம், மனதைச் சுத்தம் செய்ய வா என்று ஊ பா கின் சொன்னாராம். 1955இல் கோயங்கா முதல் முறையாக உட்கார்ந்தார், 1969இல் இந்தியாவுக்குப் போய்க் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். நான் போனதும் தூக்கத்துக்காகத்தான். அந்தத் தலைவலிக் கதையை மாலை உரையில் கேட்டபோது எனக்கே சொன்னதுபோல இருந்தது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? போய்ச் சேருகிற அன்று சாயங்காலம் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகம், பேனா, நோட்டு எதுவும் கூடாது. அன்று இரவிலிருந்து பத்தாம் நாள் காலை வரை யாரோடும் பேச்சு இல்லை, சைகையும் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், ஏதாவது தேவை என்றால் சேவகரிடம் சொல்லலாம், அவ்வளவுதான். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாலரை மணிக்கு உட்கார்ந்தால் இடைவேளைகளோடு இரவு ஒன்பது மணி வரை, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். காலை ஆறரைக்கும் பதினொரு மணிக்கும் சைவச் சாப்பாடு, ஐந்து மணிக்குப் பழமும் டீயும். ராத்திரிச் சாப்பாடு கிடையாது. பசிக்குமே என்று பயந்தேன், இரண்டாம் நாளுக்குப் பிறகு அந்த நினைப்பே வரவில்லை.

மௌனம் கஷ்டம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பெரிய வரம். காலையில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் பல் தேய்ப்பது எத்தனை ஆறுதலாக இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது.

முதல் மூன்று நாளும் ஆனாபானம், மூச்சைக் கவனிப்பது. மூச்சைக் கட்டுப்படுத்தக் கூடாது, எண்ணக் கூடாது, மந்திரம் சேர்க்கக் கூடாது. மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, மீசை முளைக்கிற அந்தச் சின்ன இடத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எண்கள்தான் ஓடின. மூட்டை, விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி. பத்து மூச்சு சேர்ந்தாற்போலப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், வெளியே மழை தூறி நின்றிருந்த நேரம், வலது மூக்கிலிருந்து வரும் மூச்சு மீசை முடிகளை லேசாக அசைப்பது தெரிந்தது. உள்ளே போகும்போது குளிர்ச்சி, வெளியே வரும்போது இளஞ்சூடு. நாற்பது வருடமாக வைத்திருக்கிற மீசை, அது மூச்சுக்கு ஆடும் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது, ஒரு எண்கூட வரவில்லை.

நான்காம் நாள்தான் விபாசனா ஆரம்பம். கவனத்தை உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை பகுதி பகுதியாக நகர்த்தி, அரிப்போ சூடோ வலியோ துடிப்போ எது இருந்தாலும் அதைப் பார்க்க வேண்டும். பிடித்தது நீடிக்க வேண்டும் என்றும் நினைக்கக் கூடாது, பிடிக்காதது போக வேண்டும் என்றும் நினைக்கக் கூடாது. எல்லாம் மாறுகிறது, அனிச்ச, என்று தெரிந்து பார்க்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் மூன்று முறை ஒரு மணி நேர அதிட்டானம், அதாவது கண்ணையும் கையையும் காலையும் திறக்காமல் அசைக்காமல் இருப்பது என்ற உறுதி.

முதல் அதிட்டானத்தில் என் இடது முழங்கால் இருபதாவது நிமிடம் எரிய ஆரம்பித்தது. ஆணி இறக்குவதுபோல ஒரு வலி. அரை மணியில் வியர்வை காதோரம் வழிந்தது. காலை மாற்றிவிட்டேன். இரண்டாவது முறையும் மாற்றினேன். மறுநாள் மாலை, வலியைத் தள்ளிவிடாமல் அதற்குள்ளேயே போய்ப் பார்த்தேன். ஒரே கட்டியாக இருந்த வலி அப்போது பலவாகப் பிரிந்தது. ஓரத்தில் சூடு, நடுவில் துடிப்பு, கீழே ஒரு இழுப்பு. துடிப்பு வந்து போய் வந்து போய் இருந்தது. வலி குறையவில்லை. ஆனால் "ஐயோ" என்று உள்ளே கத்திக்கொண்டிருந்த ஒன்று அடங்கிவிட்டது. வலியும் அந்தக் கத்தலும் வேறு வேறு என்று அந்த மாலையில்தான் பார்த்தேன். ஏழு வருடம் என்னைத் தூங்கவிடாதது விலையா, விலைக்குப் பின்னால் போட்ட கத்தலா என்று அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன்.

உடம்பைத் தளர்த்திக்கொள்ளலாம், ஓய்வெடுத்து வரலாம் என்று போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இது ஓய்வு இல்லை, உழைப்பு. ஏழாம் நாள் காரணமே இல்லாமல் கோபம் வந்தது, செத்துப்போன தம்பியின் ஞாபகம் வந்து அழுதேன். எதுவுமே நடக்காமல் வெறும் சலிப்பாகப் போன நாளும் உண்டு. மன நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கவே கூடாது, டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நம் ஆட்கள் கேட்கிற இன்னொரு கேள்வி: "மதம் மாத்திடுவாங்களா?" தொடக்கத்தில் பாலி மொழியில் புத்த, தம்ம, சங்கத்திடம் சரணம் சொல்லி, ஐந்து சீலம், அதாவது ஐந்து ஒழுக்க உறுதிகள், எடுக்கச் சொல்வார்கள், அது உண்மை. அந்தப் பத்து நாளும் ஜபம், பூசை, மாலை, தாயத்து எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் உண்மை. எனக்கு அது லேசாக இல்லை. விடியலில் திருநீறு பூசாமல் உட்கார்ந்தபோது நெற்றி வெறிச்சென்று இருந்தது. ஆசிரியரிடம் கேட்டேன். "ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கும்போது வேறு மருந்தைக் கலக்காதீர்கள், வீட்டுக்குப் போனபின் உங்கள் இஷ்டம்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. திரும்பி வந்த அன்றே காளி கோவிலுக்குப் போய் விளக்கு ஏற்றினேன், யாரும் கேட்கவில்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் புத்தர் படம் என் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது.

முழங்கால் மோசமாக இருப்பவர்கள் முதலிலேயே நாற்காலி கேளுங்கள், கொடுப்பார்கள். வெட்கப்பட்டு நான் நான்கு நாளை வீணாக்கினேன். உட்காரவே முடியாது என்றால் இதே ஊரில் மகாசி முறை இருக்கிறது. மகாசி சயாடோ என்ற புத்த பிக்கு 1949இல் ரங்கூனுக்கு வந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்த முறை. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பார்கள், உட்காருவதும் நடப்பதும் மாறி மாறி வரும். என் மச்சினி அங்கேதான் போகிறாள், நடக்கும்போது பாதத்தைக் கவனிப்பதுதான் தனக்கு ஒத்துவருகிறது என்கிறாள். கோயங்கா முறையில் அந்த நடைத் தியானம் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகத்தான் படுகிறது, அறுபது தாண்டியவர்களுக்கு முக்கியமாக.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். மாலை உரைகள் தமிழிலும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பர்மிய மொழியில்தான் கேட்டேன். தொளதொளப்பான லுங்கி நான்கு, ஒரு டார்ச் லைட், கொசுவலை எடுத்துப் போங்கள். எனக்குக் கிடைத்த வலையில் கிழிசல், முதல் இரண்டு இரவும் கொசுக்கடி.

இப்போது மார்ச். புது உளுந்து வந்து சந்தை நிரம்பிக் கிடக்கிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். காலையில் முழுதாக உட்காருகிறேன், மாலையில் அரை மணிதான் முடிகிறது. ராத்திரி பத்தரைக்குப் படுத்தால் மூன்றரை வரை தூங்குகிறேன். சில நாள் ஒன்றரைக்கு இன்னும் விழிப்பு வருகிறது. வந்தால் மின்விசிறியைப் பார்ப்பதில்லை, மீசைக்கு மேலே பார்க்கிறேன்.

போன வாரம் சென்னையிலிருந்து போன், அனுப்பிய சரக்கில் ஈரம் அதிகம் என்று தகராறு. நெஞ்சில் அந்தச் சூடு கிளம்பியது. தொண்டை வரை ஏறியதைப் பார்த்தேன், கொஞ்சம் நின்றது, இறங்கியது. அதற்குப் பிறகு, "சொல்லுங்க, எத்தனை மூட்டை?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த எடை போடும் பெரியவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றினார்.