வலது பக்கம் திரும்பாத ஸ்கீக்கு சேலத்து ஸ்கேட்டிங் கிளாஸ் உதவுமா?

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்னங்குறிச்சி பக்கம் இருக்கும் இந்த கிளாஸில் தாராளமாகச் சேர்க்கலாம். மாஸ்டர் பொறுமைசாலி. விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட ஓடாமல், தானே எழுந்து வரட்டும் என்று நிற்பவர். பிள்ளைகள் விஷயம் அவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் என்னைப் போல வேறு காரணத்துக்காக வரும் பெரியவர்களுக்கு.

வீட்டுக்காரருக்கு ஸ்ரீநகரில் வேலை. குளிர்காலத்தில் அங்கே போனால் குல்மார்க்கில் ஸ்கீ, அதாவது காலில் நீளப் பட்டைகளை மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்குவது, கற்றுக்கொள்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சாதுவான சரிவுதான் என் எல்லை; கேபிள் காரில் அபர்வத் மலைக்குப் போவது வேடிக்கை பார்க்க மட்டும். அந்தச் சின்னச் சரிவிலேயே எனக்கு ஒரு தகராறு. இடது பக்கம் நன்றாகத் திரும்புவேன். வலது பக்கம் என்றால் ஸ்கீ இரண்டும் காது கேட்காத மாதிரி நேராகப் போகும். அப்புறம் திடீரென்று பின்பக்கம் சறுக்கி, நான் சரிவுக்குக் குறுக்கே கோணலாக நிற்பேன்.

விஷயம் இதுதான். ஸ்கீயில் வலது பக்கம் திரும்ப, எடை இடது காலில் இறங்க வேண்டும். திருப்பத்தின் வெளிப்பக்கம் இருக்கும் கால்தான் உழைக்கிற கால். பயம் வந்தால் உடம்பு மலைப் பக்கமாக, அதாவது உள்பக்கமாக, சாயும். எடை உள்காலுக்குப் போய்விட்டால் வெளிக்கால் ஸ்கீயின் விளிம்பு பனியைப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றதும் தோளைத் திருகி ஸ்கீயை இழுக்கப் பார்ப்போம். பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு பக்கம் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டு காலும் ஒரே மாதிரி பழகியிருக்காது.

பனி இல்லாத மாதங்களில் இதைச் சரி செய்ய இன்லைன் ஸ்கேட் நல்ல வழி. ஒற்றை வரிசைச் சக்கரம், காலை இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸ், விளிம்பில் சாய்ந்தால் திரும்புவது என்று நிறைய ஒற்றுமை உண்டு. நான்கு சக்கரம் இரண்டு இரண்டாக இருக்கும் பழைய ஸ்கேட்டில் அந்த அளவுக்கு வராது. இங்கே இரண்டு வகையும் வாடகைக்கு இருக்கிறது. பெரியவர்கள் கேட்டு இன்லைனை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் சேர்ந்தவுடன் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிங்கில் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுகிறார்கள். வேகப் போட்டிகள் அந்தத் திசையில் ஓடுவதால் பயிற்சியும் அப்படியே. அப்படிச் சுற்றினால் காலை முழுக்க இடது திருப்பம் மட்டும்தான். ஏற்கெனவே வருகிற பக்கம் இன்னும் ஜோராக வரும். வராத பக்கம் அங்கேயே நிற்கும். என்னைப் போல வலது பக்கம் தகராறு உள்ளவர்கள் பேசாமல் கூட்டத்தோடு சுற்றினால், கட்டிய காசு தண்டம்.

மாஸ்டரிடம் சொன்னேன். "கூட்டத்துல எதிர்ல வந்தா பசங்க மேல இடிச்சிருவீங்கக்கா. ஏழரைக்கு அவங்க ஸ்கூலுக்குக் கிளம்பிருவாங்க. அப்புறம் எந்தப் பக்கம் வேணா சுத்துங்க" என்றார். எக்ஸ்ட்ரா காசு கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இந்த விமர்சனமே.

மாஸ்டர் பனிச்சரிவைப் படத்தில் மட்டும் பார்த்தவர். ஆனாலும் எடை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர். என் செல்போனை வாங்கி, முட்டி உயரத்தில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து வீடியோ எடுத்தார். ஓரமாக உட்கார வைத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். இடது திருப்பத்தில் என் தோள் இரண்டும் சமம். வலது திருப்பத்தில் வலது தோள் தொங்கிப்போய், இடது கை மேலே பறக்கிறது. இடது முட்டி மடங்கவே இல்லை, விறைப்பாக நிற்கிறது.

அவர் சொன்ன வைத்தியம் எளிமை. டீக்கடை பேப்பர் கப்புகளை வளைவாகக் கவிழ்த்து வைத்து, இடது கையால் இடது முட்டியைத் தொட்டபடியே வலது பக்கம் திரும்பச் சொன்னார். முட்டியைத் தொட வேண்டுமென்றால் உடம்பு அந்தக் காலுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். உள்பக்கம் சாய வழியே இல்லை. இன்னொன்றும் சொன்னார். வாடகை ஸ்கேட்டில் பிரேக் வலது குதிகாலில் இருக்கிறது. பிரேக் போட வலது காலை முன்னே நீட்டினால் எடை தானாக இடது காலுக்குப் போகும். வலது திருப்பத்துக்கு வேண்டியதும் அதே நிலைதான்! பிரேக் போடுகிற மாதிரி நின்று, பிரேக்கைத் தரையில் தொடாமல், அப்படியே வலது பக்கம் பார்வையைத் திருப்பினால் ஸ்கேட் பின்னாலேயே வருகிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சக்கரம் பக்கவாட்டில் வழுக்காது. ஸ்கீயில் வேகத்தைக் குறைப்பதே அந்த வழுக்கலால்தான். அதைப் பனியில் மட்டும்தான் பழக முடியும். சமதளத்தில் சரிவின் பயமும் இல்லை. எங்கள் பேட்ச்சில் ஒரு தம்பி, ஏற்காடு மலைப்பாதையில் சறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டான். இருபது கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ். மாஸ்டர் அன்றைக்கு அவனுக்கு ஸ்கேட்டே தரவில்லை. நல்ல காரியம்.

இந்தக் குளிர்காலத்தில் குல்மார்க் போனபோது வித்தியாசம் தெரிந்தது. மெதுவான சரிவில் இப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சரிவு கூடினால் பழையபடி வலது தோள் தொங்குகிறது. அதற்கு அங்கிருந்த பயிற்சியாளர், குறுக்கே போய்க்கொண்டே வலது திருப்பத்தைத் தொடங்கி, முடிக்காமல் மறுபடி குறுக்கே வந்து, திரும்பத் தொடங்கு என்று ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். கூடவே என் இடது பூட்ஸையும் அசைத்துப் பார்த்தார். வாடகைக் கடைக்காரர் கொடுத்ததில் மேல் கொக்கி தேய்ந்து, கணைக்காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே விரல் போகும் அளவு இடைவெளி. கால் அழுத்தினாலும் அழுத்தம் ஸ்கீக்குப் போய்ச் சேரவில்லை. மாற்றி வாங்கியதும் பாதித் தகராறு தீர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால், உங்கள் காலைத் திட்டுவதற்கு முன் இரண்டு பூட்ஸும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளாஸில் குறைகளும் உண்டு. வாடகை ஸ்கேட் நாறுகிறது. முழங்கால் வரை வரும் சாக்ஸ் கட்டாயம். சக்கரங்களின் உள்விளிம்பு தேய்ந்திருக்கும், மாற்றிப் போடச் சொன்னால்தான் போடுவார்கள். ஹெல்மெட் தருகிறார்கள், மணிக்கட்டுக் காப்பு தருவதில்லை. விழுந்தால் முதலில் ஊன்றுவது கையைத்தான் என்பதால் சொந்தமாக வாங்கிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் சிமென்ட் தரையில் வெயில் ஏறிவிடும். மாதம் 1,500 ரூபாய், ஸ்கேட் வாடகை தனி. சனி, ஞாயிறு பிள்ளைகள் கூட்டம் கலையவே கலையாது. எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமென்றால் வார நாளில் வாருங்கள். வந்ததும் மாஸ்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.