சென்னையில் குடியேறும் இளம் குடும்பம்: ஓ.எம்.ஆரா, மாம்பலமா, தாம்பரமா?

தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வரும் இளம் தம்பதியர் வீடு தேடும்போது அலுவலகத் தூரத்தையும் வாடகையையும் குழந்தையின் பள்ளியையும் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து வரப்போகிறவர்களைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. ஆனால் குடியேறிய சில மாதங்களிலேயே கண் பரிசோதனைக்கு அத்தை வருவார், கல்யாணப் பட்டு எடுக்கச் சித்தி வருவார், போட்டித் தேர்வு எழுத மாமா மகன் வருவான். பேரனைப் பார்க்க வரும் அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் இருப்பார்கள். வரட்டும், வர வேண்டும். சொந்தபந்தம் அறிந்து குழந்தை வளர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எனவே மூன்று பகுதிகளையும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன்: வருகிறவர்கள் நம் கையை எதிர்பார்க்காமல் வந்து இறங்கி, தங்கி, வெளியே போய்வர முடிகிறதா?

ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், சோழிங்கநல்லூரிலோ நாவலூரிலோ கிடைக்கும் அடுக்குமாடி வீட்டுக்குத் தங்கும் வசதியில் முதலிடம் தரலாம். அறைகள் பெரியவை. லிஃப்ட் உண்டு, குழந்தைகள் விளையாட இடம் உண்டு. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். சிக்கல் வாசலுக்கு வெளியே. அந்தச் சாலையில் ரயில் கிடையாது. மெட்ரோ பணி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கும் பெரியவர்கள் மூட்டை முடிச்சோடு ஆட்டோவுக்கோ காருக்கோ பேரம் பேச வேண்டும், அல்லது மகன் தூக்கத்தை விட்டு எழுந்து போக வேண்டும். சாயங்காலம் காலாற நடந்து, ஒரு டீ குடித்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வரும் பழக்கமுள்ள அப்பா அகலமான அந்தச் சாலையைக் கடக்கவே தயங்குவார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் பால்கனிதான் துணை. இப்படி ஒரு வாரம் இருந்தால் எந்தப் பெரியவரும் ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிடுவார்.

மாம்பலம், சைதாப்பேட்டை வட்டாரம் இதற்கு நேர்மாறு. தெற்கிலிருந்து வரும் பல ரயில்கள் மாம்பலத்திலேயே நிற்கும். துணிக்கடைகளுக்கு ரங்கநாதன் தெருவில் நடந்தே போய்விடலாம். ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023இல் திறந்தபிறகு, பையைச் சுமந்துகொண்டு அந்தக் கூட்டத்தில் நெரிபட வேண்டியதில்லை. கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் கிட்டத்தில்தான். இடம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் வாடகை அதிகம், வீடு சிறியது. கட்டுப்படியாகும் வீடு பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் வீடு என்று சொல்லும் உரிமையாளர்கள் மாம்பலத்தில் நிறைய. தூத்துக்குடியிலிருந்து வரும் அம்மா பேரனுக்கென்று கருவாட்டைப் பொட்டலம் கட்டி எடுத்துவருவார். அதை ஒளித்துச் சமைக்க வேண்டிய வீட்டில் அவரால் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

என் தேர்வு தாம்பரம். குரோம்பேட்டையையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர் என்று தெற்கிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் எல்லாமே தாம்பரத்தில் நிற்கின்றன. பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் கிட்டத்தில்தான்: 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து தாம்பரத்துக்கு மாநகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் அத்தையும் சித்தியும் கணக்குப் பார்க்காமல் ஏறிக்கொள்கிறார்கள். ஆனால் இந்தப் பகுதியின் பெரிய பலம் மின்சார ரயில்தான். சில வண்டிகள் தாம்பரத்திலிருந்தே புறப்படுகின்றன. வயதானவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். அதே வண்டியில் மாம்பலத்தில் இறங்கினால் கடைத்தெரு. பூங்கா நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குத் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அடுத்த நிலையமான தாம்பரம் சானடோரியத்தில். நிலையத்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், யாரும் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது மழை. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை அங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் வீடு பார்த்தால் பக்கத்து வீட்டாரிடம் அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, கணவன் மனைவி இருவருக்கும் ஓ.எம்.ஆரில் உள்ள சிறுசேரியில் வேலை என்றால் தாம்பரத்திலிருந்து தினமும் போய்வருவது உடம்புக்கு ஆகாது. அவர்களுக்கு மட்டும் இடைப்பட்ட மேடவாக்கத்தைச் சொல்வேன்.

எந்தப் பகுதியானாலும் கூடுதல் படுக்கையறையைவிட இரண்டாவது கழிப்பறை முக்கியம். இரண்டில் ஒன்றாவது உட்கார்ந்து எழும் வகையாக இருக்கட்டும். குத்துக்கால் இட முடியாத முழங்கால் எந்தக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். பாய், மெத்தைகளை ஏற்றிவைக்க ஒரு பரண் இருந்தால் இரவில் கூடமே அறையாகிவிடும். லாட்ஜில் தங்கவைப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. வாரக்கணக்கில் நீளும் புற்றுநோய் சிகிச்சை போன்றவை மட்டும் விதிவிலக்கு. அப்போது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோவதுதான் நோயாளிக்கு நல்லது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள், சில சமயம் மாதக்கணக்கில் இருப்பார்கள், சம்மதமா? தண்ணீருக்குக் கூடக் கொஞ்சம் தர வேண்டும் என்றால் அதையும் அப்போதே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறார் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.