ஐந்தரை வருடம், 66,000 கிலோமீட்டர்: எங்கள் ஹைப்ரிட் காரின் பெட்ரோல் கணக்கு

டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் அதில் எழுதிவிடுவேன். வீட்டில் இது ஒரு கேலிப் பொருள். "ஏங்க, ஸ்கிரீன்ல 22.6ன்னு காட்டுதே, நீங்க ஏன் 21.2ன்னு எழுதுறீங்க?" என்று மனைவி கேட்டது முதல் பக்கத்திலேயே நடந்தது. ஓடியது 725 கி.மீ., பிடித்தது 34.2 லிட்டர். வகுத்தால் 21.2தான் வருகிறது. காரின் திரை என்னைவிட எப்போதும் கொஞ்சம் தாராளம்.

எப்படி அளக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும்; ரவுண்டாக வரட்டும் என்று மேலே ஊற்றக்கூடாது. ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டவும் கூடாது. நான் ஐந்து டேங்குக்கு ஒருமுறை சராசரி எடுக்கிறேன்.

முன்பு வைத்திருந்த பெட்ரோல் கார் லிட்டருக்கு 11தான் கொடுத்தது. அதனால் புது கார் தேடும்போது மைலேஜ் ஒன்றையே பார்த்தேன். ஷோரூமில் ஒருவர் 24 தரும் மாடல் ஒன்றைக் காட்டி, அதற்காகக் கணிசமாக அதிகம் கேட்டார். வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஓட்டம் மாதம் சுமார் 1,000 கி.மீ. பதினொன்று கொடுக்கும் காருக்கு 91 லிட்டர் வேண்டும். இருபத்தொன்று கொடுத்தால் 48 லிட்டர் போதும். இருபத்து நான்கு கொடுத்தால் 42. அதாவது 11இலிருந்து 21க்குப் போவதில் மாதம் 43 லிட்டர் மிச்சம். அங்கிருந்து 24க்குப் போவதில் 6 லிட்டர்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கும் பழக்கம் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டால் பளிச்சென்று தெரிந்துவிடும். அன்றே அந்த 24 மாடலை மறந்துவிட்டேன்.

டீசலை ஒதுக்கியதற்குக் காரணம் எங்கள் ஓட்டம்தான். அலுவலகம் 7 கி.மீ., மகளின் பள்ளி 3 கி.மீ. புதிய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் ஓடி நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். தினமும் எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்துவிடும் வீட்டுக்கு அது வம்பை விலைகொடுத்து வாங்குவது போல. கேஸ் சிலிண்டர் வைத்தால் டிக்கி போய்விடும். மின்சாரக் கார் ஆசைதான். நிறுத்தும் இடத்தில் சார்ஜ் போட வசதி இல்லை. மிஞ்சியது, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட். புது நுட்பம் என்ற பயம் எனக்கில்லை. டொயோட்டாவின் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997இல்.

நெரிசலில்தான் இந்த வண்டியின் குணம் தெரியும். சாதாரணக் கார் சிக்னலில் நிற்கும்போதும் பெட்ரோல் குடிக்கும். பிரேக் போட்டால் அதுவரை சேர்த்த வேகமெல்லாம் வெறும் சூடாகிப் போகும். ஹைப்ரிட்டில் நின்றதும் எஞ்சின் அணைந்துவிடும். பிரேக்கை மெல்ல அழுத்தினால் மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். நகரும்போது மோட்டார் முதலில் தள்ளிவிடும். அதனால் ஊருக்குள் 23 வரை வருகிறது. திடீரென்று பிரேக் அடிப்பவருக்கு இது கிடைக்காது. சக்கரத்து பிரேக்கே வேலையை எடுத்துக்கொள்ளும். முன்கூட்டியே காலை எடுத்து உருளவிடும் பழக்கம் எனக்கு வர ஆறு மாதம் ஆயிற்று. இதனாலோ என்னவோ, முதலில் வந்த பிரேக் பேட்தான் இன்னும் ஓடுகிறது.

விளம்பரத்தில் சொல்லாத ஒன்று: காலையில் கிளம்பியதும் முதல் இரண்டு கிலோமீட்டர் எஞ்சின் அணையவே அணையாது. தானும் சூடாக வேண்டும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டும் சூடாக வேண்டும். பள்ளி வரைக்கும் மட்டும் போய்வந்த வாரங்களில் 16தான் நோட்டில் ஏறியிருக்கிறது.

நெடுஞ்சாலையில் 85இல் போனால் 21 தருகிறது, 115இல் போனால் 17. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். நிற்காமல் ஓடும் சாலையில் பிரேக்கிலிருந்து மீட்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓடுபவர் ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

நானே கெடுத்துக்கொண்டதும் உண்டு. ஒரு விடுமுறைக்குக் கூரைமேல் பெட்டி மாட்டினோம். திரும்பி வந்ததும் பெட்டியைக் கழற்றினேன், அதைத் தாங்கிய கம்பிகளைச் சோம்பலில் கூரையிலேயே விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து மகள்தான், "அப்பா, கார் ஏன் விசில் அடிக்குது?" என்று கேட்டாள். அதற்குள் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. நான் பெட்ரோலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தது டயர். 45,000இல் நான்கையும் மாற்றியபோது, கடைக்காரர் சொன்ன மலிவான ஒன்றைப் போட்டேன். உருளும் தடை, அதாவது உருளும்போது டயரே வண்டியைப் பின்னுக்கு இழுப்பது, என்ற ஒன்று இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. காற்றெல்லாம் சரியாக இருந்தும் சராசரி ஒன்றரை குறைந்து, அப்படியே நிற்கிறது. டயரில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் பங்கில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய அதிர்ச்சி நான்காம் வருடம். கோடையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நான் எடுத்துச் சென்ற சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பேட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் இத்தனை வருட மிச்சத்தில் பாதி போயிருக்கும். வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பின் சீட்டின் ஓரத்தில், நான் ஒருநாளும் கவனிக்காத ஒரு காற்றுத் துளையைத் திறந்தார். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. மகள் பின்சீட்டில் போர்த்திக்கொள்ளும் கம்பளியின் நூல்தூசு, வடிகட்டியில் தோசைக்கல் கனத்துக்கு ஒரு பாயாகப் படிந்திருந்தது. இரண்டு விரலால் பிடித்து முழுசாக உரித்து என் கையில் கொடுத்தார். சுத்தம் செய்து மாட்டினார்; விளக்கு அணைந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே கழற்றித் தட்டுகிறேன். அந்தத் துளையை மறைத்துப் பை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

சின்ன பேட்டரியையும் மறக்கக்கூடாது. பின்னால் அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும், கம்ப்யூட்டரை எழுப்புவது சாதாரண 12 வோல்ட்தான். இரண்டு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு வந்தபோது கதவே திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

மொத்தத்தில் பழைய காரோடு ஒப்பிட்டால் சுமார் 2,800 லிட்டர் மிச்சம். போன மாதம் தம்பி வந்து, "அண்ணா, நானும் இதையே வாங்கிடவா?" என்றான். மாதம் எவ்வளவு ஓட்டுகிறாய் என்றேன். முந்நூறு என்றான். அவனுடைய கார் இப்போதே 15 தருகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன்: மாதம் ஆறு லிட்டர் மிச்சமாகும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப டயருக்குக் காத்து அடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பினான்.