பார்க் ஸ்லோப் ஃபுட் கோஆப்: வேலை செய்தால்தான் வாங்க முடியும்

நியூயார்க்கின் புரூக்ளினில், 782 யூனியன் தெருவில் இருக்கும் பார்க் ஸ்லோப் ஃபுட் கோஆப் என்ற கூட்டுறவு மளிகைக் கடையில் வெளியாள் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது. உறுப்பினருடன் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். வாங்க வேண்டுமென்றால் உறுப்பினராகச் சேர்ந்து, முறை வைத்துக் கடையில் வேலையும் செய்ய வேண்டும். 1973-இல் தொடங்கிய இந்தக் கடைக்கு இன்று 15,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், அதாவது உரிமையாளர்கள். புரூக்ளினுக்குக் குடிவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இவ்வளவு சிரமப்பட்டுச் சேர்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான்.

நம் ஊரில் கூட்டுறவுப் பண்டகசாலை புதிதல்ல. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-லேயே வந்துவிட்டது. அங்கே பங்குத்தொகை கட்டினால் உறுப்பினர். இங்கே பணம் கட்டுவது பாதிதான், உடலுழைப்பு மீதி. கடை வேலையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை உறுப்பினர்களே சம்பளமில்லாமல் செய்கிறார்கள். விலை குறைவதற்குக் காரணமும் அதுவே. கொள்முதல் விலைக்கு மேல் ஒரே சீரான ஏற்றம், பெரும்பாலான பொருளுக்கு அதே விகிதம். நெடுங்காலம் அது 21 விழுக்காடாக இருந்தது; கொரோனா காலத்தில் கூடியது. 4 டாலர் கொள்முதல் விலைப் பொருள் 21 விழுக்காட்டில் 4.84, 25 விழுக்காட்டில் 5 டாலர். சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் ஏற்றம் பொருளுக்குப் பொருள் மாறும். நல்ல சீஸ், ஆர்கானிக் காய், மசாலாப் பொருள் என்றால் எகிறிவிடும். ஆகவே இங்கே மிச்சமாவதும் அவற்றில்தான். தொழிற்சாலையில் பெட்டி கட்டி வரும் பிஸ்கட், சிப்ஸ் வகையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

எல்லாரையும் வரவேற்கிறோம், எந்த வடிவத்திலும் பாகுபாட்டை எதிர்க்கிறோம் என்று கடையின் நோக்க அறிக்கை சொல்கிறது. அதைப் படித்து ஒரு கடையை எடைபோட வேண்டாம். கட்டணத்தையும் வேலை விதியையும் பாருங்கள். சேர்க்கைக் கட்டணம் 25 டாலர், திரும்ப வராது. முதலீடு 100 டாலர். விலகும்போது திருப்பித் தருவார்கள். அரசு உதவியில் வாழ்கிறவர்களுக்கு இவை 5, 10 டாலராகக் குறையும். உணவு உதவி அட்டையை பில் போடும் இடத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். இவை இரண்டும் சிறிய ஏற்பாடுதான். ஆனால் யார் உள்ளே வரமுடியும் என்பதைத் தீர்மானிப்பவை இவையே.

வேலை ஒரு முறைக்கு 2 மணி 45 நிமிடம். முன்பு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை. பழைய ஏற்பாட்டில் குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரம், அதே குழு. வாராவாரம் ஷிப்ட் மாறும் நர்ஸ், டாக்ஸி ஓட்டுநர், உணவகத் தொழிலாளி இவர்களுக்கு அது ஒத்துவராது. முறை தவறினால் பதிலுக்கு இரண்டு முறை செய்ய வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஏற்கெனவே நேரமில்லாதவன் தலையில் இன்னும் இரண்டு. இப்போது வசதிப்பட்ட நாளை இணையத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். அனைவரையும் சேர்த்துக்கொள்வதற்கு இந்தக் கடை செய்தவற்றில் மிகப் பெரியது இந்த மாற்றம்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். குழந்தை பிறந்தாலோ உடல்நலம் குன்றினாலோ விடுப்பு உண்டு. நீண்டகால மூத்த உறுப்பினர்களுக்கு வேலையிலிருந்து ஓய்வும் உண்டு. ஓய்வுக்குப் பிறகும் வாங்கலாம்.

இன்னும் உறுத்துவது வீட்டு விதி. ஒரே குடும்பமாக வாழும் பெரியவர்கள் அத்தனை பேரும் சேர வேண்டும், அத்தனை பேரும் வேலை செய்ய வேண்டும். ஒருவர் உழைத்து ஐந்து பேர் சாப்பிடக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் ஒருவர் முறை தவறி நிறுத்தி வைக்கப்பட்டால், மற்றவர்களும் வாங்க முடியாது. மாமியார், மருமகள், கல்லூரி போகும் பிள்ளை என்று கூட்டாக இருக்கும் நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான் வெடிக்கும். வாசலில் அட்டையைக் காட்டும்போதுதான் தெரியவரும். சேரும்போதே ஒரு தாளில் யார் யாருக்கு எந்தத் தேதி என்று எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். போக முடியாது என்று தெரிந்த உடனே தேதியை மாற்றிவிடுங்கள், கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள்.

வேலைகளில் பில் போடுவது, அலமாரி அடுக்குவது, சுத்தம் செய்வது, லாரிச் சரக்கு இறக்குவது என்று பல. ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு, வாங்கினவர்களோடு கார் வரையோ சுரங்க ரயில் நிலையம் வரையோ நடந்துபோய்ச் சாமான் தள்ளுவண்டியைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையும் உண்டு. கைப்பிள்ளைக்காரருக்கும் வயதானவருக்கும் அது பெரிய உதவி. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கும் அடித்தளத்தில் பொட்டலம் கட்டும் வேலையைச் சொல்வோம். தலையுறை, கையுறை மாட்டிக்கொண்டு, மொத்தமாக வந்த சீரகம், மிளகு, உலர்திராட்சை, ஆலிவ் இவற்றைச் சிறு பைகளில் அள்ளி, எடை போட்டு, விலைச் சீட்டு ஒட்ட வேண்டும். வழக்கமாக வரும் தவறு ஒன்று: சோம்பு முடிந்து சீரகத்துக்கு மாறும்போது எடை இயந்திரத்தில் பொருள் எண்ணை மாற்ற மறந்துவிடுவார்கள். ஒரு தட்டு முழுக்கத் தவறான விலையில் மேலே போய்விடும். புதுப் பொருள் தொடங்கியதும் முதல் சீட்டைப் பெயரோடு படித்துப் பாருங்கள், போதும். மிளகு, சீரகம் இப்படிக் குறைந்த விலையில், வேண்டிய அளவு மட்டும் கிடைப்பதுதான் தமிழ்ச் சமையலறைக்கு உண்மையான லாபம். இட்லி அரிசிக்கும் உளுந்துக்கும் இதை நம்ப வேண்டாம், இந்தியக் கடைகள் நிறைந்த ஜாக்சன் ஹைட்ஸுக்குத்தான் போக வேண்டும்.

உள்ளூர்ச் சரக்கு என்பதைக் காய்கறிப் பகுதியில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு காய்க்கும் மேலே விலையோடு விளைந்த இடமும் வளர்த்த முறையும் எழுதியிருக்கும். ஹட்சன் பள்ளத்தாக்கில் மில்டன் ஊரிலுள்ள ஹெப்வொர்த் பண்ணையிலிருந்து வரும் தக்காளியைக் கோடையில் விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் அதே பலகையில் கலிஃபோர்னியா, மெக்சிகோ என்று இருக்கும். கடை அதை மறைப்பதில்லை. எது எங்கே என்று தெரியாவிட்டால் கடைக்குள் இருக்கும் தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் கேட்கலாம். தெரிந்தவர் யாராவது பதில் சொல்வார்.

கடை எதை விற்க வேண்டும் என்பதையும் உறுப்பினர்கள்தான் விவாதிக்கிறார்கள். மாதக் கூட்டத்தில் யாரும் தீர்மானம் கொண்டுவரலாம். இஸ்ரேல் பொருட்களைப் புறக்கணிப்பது பற்றி எல்லா உறுப்பினர்களிடமும் வாக்கெடுப்பு நடத்தலாமா என்ற கேள்வி 2012 மார்ச்சில் வந்தது. வேண்டாம் என்று 1,005 பேரும் வேண்டும் என்று 653 பேரும் வாக்களித்தார்கள். கசப்பு இருந்தது, இருந்தும் கடை நின்றது. மாதா மாதம் நடக்கும் கூட்டங்களுக்கு வருவது சில நூறு பேர்தான். நேரம் உள்ளவர் குரலே அதிகம் கேட்கும் என்ற குறை நிஜம். வேலை நேரத்தை நெகிழ்த்தியது போல இதையும் நெகிழ்த்த வேண்டும்.

2016-இல் பாரிஸில் திறந்த லா லூவ் என்ற கூட்டுறவுக் கடை, இதே 2 மணி 45 நிமிட முறையைத்தான் எடுத்துக்கொண்டது. புரூக்ளின் கடைக்குப் போவதானால் வாரநாள் காலையில் போங்கள். ஞாயிறு மதியம் பில் வரிசை அலமாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நிற்கும், வண்டி திரும்ப இடமிருக்காது. துணிப்பையும் எடுத்துப் போங்கள். சாமான் போட பிளாஸ்டிக் பை தருவதை 2008-லேயே நிறுத்திவிட்டார்கள்.