காய்ச்சல் தடுப்புப் பணியாளர் சம்பளம்: வேலூருக்கு அஞ்சல் வங்கி எவ்வளவு கைகொடுக்கும்?

ஐப்பசி மழை பிடித்ததும் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுத் தெருக்களில் அபேட் மருந்தோடு வீடு வீடாக வருகிறார்களே, அந்தக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வாரம் ஒரு முறை அதே டிரம், அதே சிமென்ட் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் அதே தண்ணீர்த் தட்டு என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். கூலி ஒன்றரை மாதம் நிலுவையில் நின்றால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தெருவில் ஒரு தலைமுறைக் கொசு கூடுதலாகப் பறக்கும். எனவே சம்பளப் பட்டுவாடாவைக் கணக்குப் பிரிவின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அதுவும் நோய்த்தடுப்பு வேலையே. அஞ்சல் துறையின் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் சேவையை இந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே எடைபோடுகிறோம்.

கூலி நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கொடிய உதாரணம் சியரா லியோன். 2014 நவம்பரில் கெனிமா நகரில், ஆபத்துப்படி கிடைக்காத அடக்கப் பணியாளர்கள் எபோலாவில் இறந்தவர்களின் உடல்களை மருத்துவமனை வாசலில் போட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு, ஐ.நா. வளர்ச்சித் திட்டம், நன்கொடை நாடுகள், செல்போன் நிறுவனங்கள் எல்லாம் ஒரே பட்டியலின் கீழ் கூடி, சம்பளத்தைக் கைபேசிப் பணமாக அனுப்பத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. ரொக்கத்துக்குப் பதில் மின்னணுப் பட்டுவாடாவை ஊக்குவிக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பான பெட்டர் தேன் கேஷ் அலையன்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரியாக ஒரு மாதம் இழுத்த பட்டுவாடா ஒரு வாரமாகச் சுருங்கியது. மிச்சமான தொகை 1.07 கோடி டாலர். அங்கே காரியத்தைச் சாதித்தது கைபேசி மட்டுமல்ல. யாருக்கு, எத்தனை நாளுக்கு, யார் கொடுப்பது என்ற ஒரே பட்டியலை எல்லாரும் ஒப்புக்கொண்டதுதான் பெரிய விஷயம்.

கூட்டுவேலை வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கும் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980களில் இங்கே நடத்திய நோய்க் கண்காணிப்பில், அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவர்களும் அஞ்சலட்டையில் தகவல் எழுதிப் போட்டார்கள். அன்று நோய்ச் செய்தியைச் சுமந்த தபால்காரர் இன்று கூலியைச் சுமக்க முடியும்.

முதலில் நிறைகள். 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய இந்த வங்கிக்கு வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐஎப்எஸ்சி குறியீடு நாடு முழுக்க ஒன்றேதான்: ஐபிஓஎஸ் என்ற நான்கு எழுத்து, ஆறு பூச்சியம், ஒரு ஒன்று. சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் 2020இல் அலகாபாத், சிண்டிகேட், கார்ப்பரேஷன், ஆந்திரா வங்கிகள் பெரிய வங்கிகளோடு இணைந்த பிறகு, பழைய பாஸ்புக்கைப் பார்த்துக் குறியீட்டை எழுதிய பட்டியல்கள் எப்படித் திரும்பி வந்தன என்பது சம்பளம் போடுகிற எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது நிறை, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. மூன்றாவதுதான் முக்கியம். வேறு வங்கியில் கணக்கு இருந்தாலும், ஆதாரும் கைரேகையும் கொண்டு தபால்காரரிடமே பணம் எடுக்கலாம். ஒரு முறைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய்.

இதனால் எங்கள் முதல் யோசனை வங்கியின் விளம்பரத்துக்கு நேர் எதிரானது. ஏற்கெனவே ஓடுகிற கணக்கு வைத்திருப்பவருக்குப் புதுக் கணக்கு திறக்காதீர்கள். புதுக் கணக்கில் ஆதாரை மானியத்துக்காக இணைத்துவிட்டால், எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று வைத்திருக்கும் தேசியப் பட்டியலில் கடைசியாக இணைத்த வங்கிதான் நிற்கும். அடுத்த மாதம் காஸ் மானியமும் பிஎம் கிசான் பணமும் புதுக் கணக்குக்குப் போய்விடும். பணம் எங்கே போனதென்று தெரியாமல் அந்தப் பணியாளர் பழைய வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவார். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்க, பதிவு செய்த கைபேசியில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் போதும். கணக்கே இல்லாதவருக்கு மட்டும் புதிது திறக்கலாம், அதுவும் கைரேகை வைத்து முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்து. வெறும் ஓடிபி வைத்துத் திறந்த கணக்கை 12 மாதத்துக்குள் முழு கேஒய்சிக்கு மாற்றாவிட்டால் மூடிவிடுவார்கள். போன சீசனில் திறந்தது இந்த சீசனில் செத்துக் கிடப்பது இதனால்தான்.

பட்டியல் தயாரிப்பதில்தான் பாதி உயிர் போகும். தமிழ்நாட்டில் பெயரும் இன்ஷியலும் படுத்துகிற பாடு வேறெங்கும் இருக்காது. ஆதாரில் ‘செல்வி கோவிந்தன்’, பாஸ்புக்கில் ‘கோ. செல்வி’, கல்யாணத்துக்குப் பின் எடுத்த ரேஷன் கார்டில் ‘செல்வி முருகன்’, வருகைப் பதிவேட்டில் வெறும் ‘செல்வி, 3வது வார்டு’. நால்வரும் ஒருவரா, இருவரா? ஒரே பெயர் நகராட்சிப் பட்டியலிலும் ஒப்பந்ததாரர் பட்டியலிலும் வந்து இரட்டைச் சம்பளம் போவதும், இரட்டை என்று நினைத்து உண்மையான ஒருவரை நீக்கிவிடுவதும் இங்கேதான் நடக்கின்றன. பாஸ்புக் முதல் பக்கத்தின் போட்டோ, ஆதாரின் கடைசி நான்கு எண், கைபேசி எண், வேலை செய்யும் வார்டு, இந்த நான்கையும் ஒரே வரியில் வையுங்கள். பிறகு எல்லாருக்கும் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்தவை எவை, வந்த காரணம் என்ன என்று பார்த்தாலே முக்கால்வாசிச் சிக்கல் வெளியே வந்துவிடும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் செயலிழந்த கணக்கும், ஒரு மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவிடாத ‘சிறு கணக்கு’ வகையும் இந்தக் கட்டத்திலேயே தெரியவேண்டும். இதை ஆடியில் செய்யுங்கள். ஐப்பசியில் செய்ய நேரம் இருக்காது.

அடுத்தது விரல். பிளீச்சிங் பவுடர் கரைத்து, சுண்ணாம்பு அள்ளும் கையில் ரேகை தேய்ந்துவிடும். இந்தப் பக்கத்தில் பலர் மீதி மாதங்களில் பீடி சுற்றுகிறவர்கள், தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். கருவியில் கட்டைவிரலை வைத்து, எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி வைத்து, கடைசியில் ‘ரேகை விழல’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் அதிகம் இவர்கள்தான். கையைக் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் கழித்து வைத்தால் சில சமயம் எடுக்கும். கட்டைவிரலையே பிடித்துக்கொண்டிராமல் மோதிர விரல், சுண்டு விரலையும் முயலச் சொல்லுங்கள். எதுவும் விழாதவருக்கு ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க சீசனுக்கு முன்பே ஒரு நாள் கூலியோடு விடுப்பு கொடுப்பதுதான் நியாயம்.

மலைக் கிராமங்களில் சேவையின் தரம் பணப்பெட்டியின் அளவைப் பொறுத்தது. அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற இடங்களுக்கு 40 பேருக்குத் தலைக்கு 3,500 ரூபாய் என்றால் ஒரே நாளில் 1,40,000 ரூபாய் ரொக்கம் வேண்டும். கிளை அஞ்சலகத்தில் அவ்வளவு ரொக்கம் இருக்காது. இரண்டு நாள் முன்னதாகத் துணை அஞ்சலகத்துக்கு எழுத்தில் சொல்லவேண்டும், அல்லது ஊர் வாரியாக நாளைப் பிரிக்கவேண்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்துதான் பட்டுவாடா செய்யவேண்டி வரும். அந்த இடத்தைக் கருவியோடு போய் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

கணக்கில் கழிந்து கையில் பணம் வராவிட்டால் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதிப்படி ஐந்து நாளுக்குள் பணம் திரும்பவேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரசீதையோ குறுஞ்செய்தியையோ பத்திரமாக வைத்து 155299க்குப் புகார் சொல்லி எண் வாங்குங்கள். பணம் எடுத்த கணக்கு வேறு வங்கியுடையது என்றால் அங்கேயும் புகார் கொடுக்கவேண்டும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்துப் பணியாளருக்கு நேரடி வங்கி வரவே போதும். ஒப்பந்ததாரர் மூலம் ரொக்கம் கொடுப்பதை நாங்கள் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்கக்கூட அங்கே ஒரு காகிதம் இருக்காது.

சீசன் முடிந்தபின் இந்த வங்கியின் பலவீனம் தெரியும். பேமெண்ட்ஸ் வங்கி கடன் கொடுக்க முடியாது, சட்டம் அப்படி. வேலை நின்று கையில் காசில்லாத தை, மாசியில் பணியாளருக்குத் தேவைப்படுவது சிறு கடன். அதற்கு மகளிர் குழுவின் வங்கி இணைப்பும் கிராம வங்கியும் மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரும் இந்தக் கூட்டு ஏற்பாட்டில் ஆரம்பத்திலேயே இருக்கவேண்டும். ஆனால் காப்பீட்டை இங்கேயே முடித்துவிடலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் சுரக்ஷா பீமா, 436 ரூபாயில் ஜீவன் ஜோதி. இரண்டிலும் தலா 2 லட்சம். முன்னது விபத்துக்கு மட்டும், காய்ச்சலில் இறந்தால் கிடைக்காது. பின்னது நோய்ச்சாவுக்கும் உண்டு. ஆனால் 18 முதல் 50 வயதுக்குள் சேரவேண்டும், சேர்ந்த முதல் 30 நாளில் விபத்துச் சாவுக்கு மட்டுமே பணம் வரும். களத்தில் இறக்கிவிட்டு ஐப்பசியில் சேர்த்தால் அந்த 30 நாளும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாட்களாகிவிடும். ஆடியில் ஒரு ரூபாய் சோதனை நடத்தும் அதே நாளில் இந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கி, பிரீமியத்தை அலுவலகமே கட்டிவிடவேண்டும்.