புறக்கோட்டையில் சாமணம் வாங்கப் போகிறீர்களா? காந்தத்தோடு போங்கள்

கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையில் கைத்தொலைபேசி திருத்துகிறவன் நான். நுண்ணிய பாகங்களைப் பிடித்தெடுக்கும் பழைய சாமணத்தின் முனை வளைந்துவிட்டதால், கடந்த மாதம் முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். 3,800 ரூபாய். "அசல் சுவிஸ் தம்பி, காந்தம் பிடிக்காது" என்றார் முதலாளி. பிடியிலும் அப்படித்தான் பொறித்திருந்தது. நம்பினேன்.

அன்றிரவே சாயம் வெளுத்துவிட்டது. ஒரு தொலைபேசியின் மின்சுற்றுப் பலகையில் 0402 அளவுக் கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் சிறு பாகம்) ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. நீளம் 1 மில்லிமீற்றர், அகலம் அதில் பாதி. எடுத்து இடத்தில் வைத்துச் சாமணத்தைத் தளர்த்தினேன். முனையோடு ஒட்டிக்கொண்டு அதுவும் மேலே வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி வந்தது. இந்தக் கொள்ளளவிகளின் இரு அந்தங்களிலும் வெள்ளீயப் பூச்சுக்குக் கீழே நிக்கல் படை இருக்கிறது. காந்தமேறிய உருக்குக்கு அது போதும். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். 'சுவிஸ்' சாமணம் பாய்ந்து ஒட்டியது.

அதோடு விட்டதா? சற்று அழுத்திப் பிடித்தால் இரண்டு முனைகளும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று தாண்டுகின்றன. அடுத்த கொள்ளளவி அப்படித்தான் தெறித்துப் பறந்தது. அதன்மேல் இலக்கம் எதுவும் அச்சிட்டிருக்காது. தரையைக் கூட்டிக் கண்டெடுத்தாலும் எந்தப் பெறுமானம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் வேலை இரண்டு நாள் தள்ளிப்போனது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்கள் சூடு காட்டிக் கெடுத்துவிட்டீர்கள்" என்றார். சூட்டினால் காந்தம் ஏறுமா இறங்குமா என்று அவரோடு வாதாட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

வாங்கப் போகிறவர்கள் சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாமணத்தை மெல்ல மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முதலில் தொடுவது நுனியாக இருக்க வேண்டும். பிறகு அழுத்துங்கள், முனை விலகினால் வைத்துவிட்டு வாருங்கள். வெட்டுக்குறட்டின் அலகுகளையும் இப்படியே வெளிச்சத்தில் பார்க்கலாம். கறுப்புப் பூச்சைக் கண்டு, பாகங்களைக் கெடுக்கும் நிலைமின்னை (உராய்வில் உண்டாகும் மின்) தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். என்னுடையதில் நகம் பட்ட இடமெல்லாம் உரிந்தது.

பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று வாசியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தபோதுதான் என்னுடையதை விரித்துப் பார்த்தேன். 'சாமான் 1 – 3,800'. கடையின் பெயரே இல்லை.