பல்பின் கழுத்தில் எழுதிய தேதி

என் வீட்டில் ஒவ்வொரு பல்பின் கழுத்திலும் ஒரு தேதி இருக்கும். மாட்டும் அன்றே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவேன். வீட்டில் இதைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. ஆனால் அந்தத் தேதி இல்லையென்றால் நான் ஏமாந்த கதை எனக்கே தெரிந்திருக்காது.

அட்டைப்பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் எரித்தால் 17 வருஷம் வர வேண்டும். குளியலறையில் மாட்டிய அந்த எல்இடி பல்பு 14 மாதத்தில் போய்விட்டது. அடுத்தது 11 மாதம். மூன்றாவதும் அணைந்தபோது கோபத்தில் பிரித்துப் பார்த்தேன்.

மேல் மூடியைத் திருகினால் வெள்ளைத் தகடு ஒன்று, அதில் மஞ்சள் மஞ்சளாகக் குட்டிச் சதுரங்கள். ஒன்றின் நடுவில் மட்டும் கடுகளவு கருப்புப் புள்ளி. அத்தனை சதுரமும் ஒரே வரிசையில் இணைந்தவை. ஒன்று கருகினால் மொத்தமும் இருட்டு. எடுத்து வைத்திருந்த முந்தைய பல்பையும் பிரித்தேன். அதில் எல்லாச் சதுரமும் நன்றாக இருந்தன. கழுத்துக்குள் சர்க்யூட்டில் இருந்த கப்பாசிட்டர் என்ற குட்டி உருளைதான் உப்பிப் போயிருந்தது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. பெட்டியில் போடும் மணிக்கணக்கு பெரும்பாலும் சிப்பின், அதாவது அந்த மஞ்சள் சதுரத்தின் வெளிச்சம் 70 சதவீதத்துக்குக் குறைய ஆகும் நேரம். கழுத்தில் இருக்கும் சர்க்யூட் அதுவரை தாங்குமா என்பது வேறு கதை. சர்க்யூட்டுக்கு எமன் சூடு. குண்டு பல்பு தன் சூட்டை வெளிச்சத்தோடு வெளியே வீசிவிடும். எல்இடியின் சூடு பின்பக்கமாகக் கழுத்துக்குத்தான் இறங்குகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வகைக் கப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் தோராயக் கணக்கு. என் குளியலறையிலோ பல்பைச் சுற்றிக் காற்றே புகாத கண்ணாடிக் கூடு! கூட்டைக் கழற்றிவிட்டுத் திறந்த ஹோல்டர் போட்டேன். இப்போது எரிவது மூன்று வருஷம் தாண்டிவிட்டது, தேதிதான் மங்குகிறது.

இதற்கு முன்பு சிஎஃப்எல் என்ற சுருள் குழல் பல்புகளின் காலம். 60 வாட்ஸ் குண்டு பல்பின் வேலையை 14 வாட்ஸில் செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கழிப்பறையில் அதைப் போட்டது என் தப்பு. முழு வெளிச்சம் வருவதற்குள் வேலை முடிந்து வெளியே வந்துவிடுவோம். போதாததற்கு, ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அதன் இழைப்பூச்சு கொஞ்சம் தேயும். அடிக்கடி போட்டு அணைக்கும் இடத்துக்கு அது ஆகவே ஆகாது. ஒருமுறை கை தவறி ஒன்று உடைந்தது. உள்ளே இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான், இருந்தாலும் பாதரசமாயிற்றே. ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே நின்றோம். அப்புறம் கெட்டி அட்டையால் துண்டுகளை வாரி, மிச்சத்தை டேப்பால் ஒற்றி எடுத்தேன். துடைப்பமோ வேக்குவமோ போட்டால் பாதரசம் பரவும்.

சரி, எல்இடிக்கு வருவோம். அணைத்த பிறகும் இரவில் ஒரு பல்பு மினுக்கிக்கொண்டே இருந்தது. பேய் என்று அம்மா சொல்லவில்லை, அவ்வளவுதான். சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசியும் துளி மின்சாரமே எல்இடிக்குப் போதுமாம். சுவிட்சை மாற்றியதும் நின்றது. இன்னொரு அறையில் இண்டிகேட்டரே இல்லை, ஆனாலும் மினுக்கல். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, “சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கு சார், பேஸ் நேரா ஹோல்டருக்குப் போகுது” என்றார். அதாவது, சுவிட்சை அணைத்துவிட்டு இத்தனை வருஷம் நான் தைரியமாகக் கைவைத்த ஹோல்டரில் மின்சாரம் இருந்திருக்கிறது. அந்த ஒரு எரிச்சலுக்கு மட்டும் நன்றி சொல்வேன்.

நிறத்தில் பட்டது தனி. நிறைய வெளிச்சம் என்று நினைத்து வீடு முழுக்க 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை வாங்கிப் போட்டேன். கூடம் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆனது. படுக்கையறைக்கு மஞ்சள் சாயலுள்ள 2700 கெல்வினும் கண்ணாடி முன்னால் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, முழு மதிப்பெண் 100) 90க்கு மேல் இருப்பதும் வாங்கிய பிறகுதான் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. அதுவரை கருநீலச் சாக்ஸும் கருப்புச் சாக்ஸும் ஜோடி மாறிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். படிக்கும் மேஜை பல்பு தலைவலி கொடுத்தது. செல்போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடியது, கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றே கழற்றினேன்.

இப்போது குண்டு பல்பு என்று பரணில் ஒன்றே ஒன்று இருக்கிறது. சாமான் எடுக்க ஏறும்போது ஐந்து நிமிடம் எரியும். அதன் கழுத்தில் தேதி இல்லை. எப்போது மாட்டியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.